வெளிப்படி

சாய்ந்தமருதில் பத்துப் பேர்ச், நல்ல தண்ணிக் கிணறு,
உறுதியில் ஒரு கீறல் இல்லை.
விலையைக் கேட்டு முகம் மாறாதவர்களும்
கேற்றைத் திறந்ததும் நின்றுவிடுகிறார்கள்:
"என்ன காக்கா, படி வெளியால போகுது?"

பன்னிரண்டு வருசமாய் வீட்டுத் தரகு பார்க்கிறேன்.
கூரையை அண்ணாந்து பார்க்கிறவன் வாங்கமாட்டான்.
குசினிக்குள் போய் நிற்கிறவள் யோசிப்பாள்.
படியில் ஒரு கால் வைத்து
கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிறவர்தான்
காசோடு வந்தவர்.

இது இஸ்ஸதீன் மாஸ்டர் போட்ட படி.
கீழ்வீடு மூத்தவள் றிஸ்மியாவுக்கு,
மேல்வீடு இளையவள் சுமையாவுக்கு என்று கணக்கு.
ஒருத்தியின் ஹோலைத் தாண்டி
மற்றவளின் மாப்பிள்ளை மேலே ஏறினால்
எத்தனை நாளைக்கு நிற்கும் உறவு?
மழைக்கு வழுக்குமே என்றாராம் மேசன்.
"கால் வழுக்கினா கைப்பிடி இரிக்கி, வாய் வழுக்கினா?"
என்றாராம் மாஸ்டர்.

சுமையா தெஹிவளையில் ஃபிளாட் வாங்கிவிட்டாள்,
லிஃப்ட் உள்ள ஃபிளாட்.
மேல்வீடு எழும்பவேயில்லை.
பதினெட்டுப் படியும் ஏறிப்போனால்
வெறும் பிளேட், துருப்பிடித்த கம்பிகள்,
ஒரு உடுப்புக் கொடி,
தூரத்தில் ஒரு கீற்றுக் கடல்.

கட்டாரால் வந்த நௌசாத்
போனைத் தூக்கிப் பிடித்து மனைவிக்குக் காட்டினான்.
போனுக்குள் இருந்து அவள் சொன்னாள்:
"ஹோலுக்குள்ள வளைஞ்சி போகணும்,
கண்ணாடிக் கைப்பிடி வெச்சி.
வாறவங்க நிமிந்து பாக்கணும்."
காரைதீவு வங்கி மனேஜர் பரமலிங்கம்
லாபம், நட்டம், லாபம், நட்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறினார்.
பதினெட்டு நட்டத்தில் முடிந்தது.
"அரைப் பை சீமெந்து சேர், அடியில் இன்னொரு படி போட்டால் லாபம்தானே" என்றேன்.
சிரித்தார். பிறகு என் போனை எடுக்கவில்லை.

ஒன்றை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.
பதினோராம் படி மற்றதைவிட ஓர் அங்குலம் உயரம்.
மேசனின் பிழையோ, அன்றைய வெயிலின் பிழையோ.
றிஸ்மியா ஈர உடுப்பு வாளியோடு ஏறுவாள்,
பேசிக்கொண்டே, கீழே பாராமல்;
அந்த இடத்தில் கால் மட்டும் கொஞ்சம் கூட உயரும்.
புதிதாய் வருகிறவர்கள் தடக்குவார்கள்.
அதனால் நான் முன்னால் ஏறுவேன்.
பத்தாம் படியில் நின்று கடலைக் காட்டுவேன்.
கதையோடு கதையாய்க் கைகொடுத்து
அந்த அங்குலத்தைக் கடத்திவிடுவேன்.
இது பொய்யா என்று
இரண்டு தரம் யோசித்திருக்கிறேன். இரண்டு தரம்தான்.

ஃபர்ஹத் டீச்சர் என் கையைப் பிடிக்கவில்லை.
கணக்கியல் டியூஷன், நாற்பது பிள்ளைகள்,
வாடகை இடத்தில் ஏழு வருசம்.
படி வெளியால் என்றதும் அவர் முகம்தான் முதல்முதல் திறந்தது.
"புள்ளயள் என்ட ஊட்டுக்குள்ளால வரத் தேவல்ல.
மேல தகரம் அடிச்சா வகுப்பு."
ஏறினார். பதினொன்றில் தடக்கினார்.
செருப்பு மூன்று படி கீழே போய் விழுந்தது.
நான் மூச்சை விடவில்லை.
இறங்கிச் செருப்பைப் போட்டு, திரும்ப ஏறி,
வேணுமென்றே இன்னொரு தரம் தடக்கிப் பார்த்தார்.
"நல்லம். பிந்தி வாற பொடியன் ஒளிச்சி வரேலாது."

பிறகு கணக்கியல் டீச்சர் அல்லவா,
அதே படிக்காக
எழுபத்தையாயிரம் குறைக்கச் சொன்னார்.
றிஸ்மியா வாதாடவில்லை.
கொடியில் மிஞ்சிய துவாயை எடுக்க
கடைசியாய் ஒருமுறை ஏறினாள். அவ்வளவுதான்.

உறுதி எழுதிய இரவு
இஷாத் தொழுது வீட்டுக்கு வந்தேன்.
என் வீட்டில் படியே கிடையாது;
ஒழுங்கையும் வாசலும் ஒரே மட்டம்.
ஆனாலும் கால் தானாய் உயர்ந்து
ஓர் அங்குலம் காற்றில் நின்றது.
"என்ன, குடிகாரனப் போல?" என்றாள் மனைவி.
அவளுக்கு எதை, எந்தப் படியிலிருந்து சொல்லத் தொடங்குவது?